இரவல் கண்: சும்மாவா, சம்பளத்துக்கா?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவையில், பெட்டிக்கடை நடத்திவரும் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



எல்லாரும் நல்லா இருக்கீங்களா? சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கே. சாப்பாட்டுக்கு முந்திப் பேச விட்டால் இப்படித்தான். சீக்கிரம் முடிச்சிடுறேன்.

என்னைப் பல பேருக்குத் தெரியும். பஸ் ஸ்டாப் பக்கத்துல பெட்டிக்கடை வச்சிருக்கேன். பிறவியிலேயே கண் தெரியாதவள் இல்லை நான். கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் பார்வை குறைய ஆரம்பித்தது. முதலில் ராத்திரியில் தெரியவில்லை, அப்புறம் பக்கவாட்டில் தெரியவில்லை, முப்பத்திரண்டு வயதில் முழுவதும் போய்விட்டது. கடை வைக்க உள்கடன் 5,000 ரூபாய் கேட்டபோது, குழுவில் ஒரு அக்கா, "கண்ணு தெரியாதவளுக்குக் குடுத்தா பணம் எப்படித் திரும்பும்?"னு கேட்டாங்க. அந்த அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. இப்ப என் கடையிலதான் கடன் சொல்லிச் சாமான் வாங்குறாங்க. (சிரிப்பு)

கடை நடத்துவதில் எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று கைக்குத் தெரியும். 2016-க்குப் பிறகு வந்த புது நோட்டுகள்தான் கொஞ்ச நாள் திணற வைத்தது. பழைய நோட்டை விரலால் அளந்து சொல்லிவிடுவேன். புதுசில் அளவு வித்தியாசம் குறைந்துபோய்விட்டது. 2020-ல் ரிசர்வ் வங்கி 'மணி' என்று ஒரு ஆப் விட்டார்கள். நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று போனே சொல்லும். அது காசில்லாமல் கிடைக்கிறது, இணையமும் வேண்டாம்.

கஷ்டமெல்லாம் எழுத்தில்தான். பேங்கிலிருந்து வருகிற கடிதம், மாத்திரை அட்டை, பிஸ்கட் பாக்கெட்டில் தேதி, கரண்ட் பில். என் மகள் வீட்டில் இருந்தவரை அவள்தான் எனக்குக் கண். அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபிறகு, தபால் வந்தால் தெருவில் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டிய நிலைமை.

ஒருநாள் பேங்கிலிருந்து ஒரு கடிதம். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷிதான், பொறுமையாகப் படித்துச் சொன்னாங்க. இரண்டு தவணை பாக்கி என்று நோட்டீஸ். சாயங்காலம் கடைக்குத் தண்ணீர்ப் பாக்கெட் வாங்க வந்த பையன்கூட, "அக்கா, கடையை பேங்க்காரன் எடுத்துக்கப் போறானாமே?"ன்னு கேட்கிறான். சரக்குப் போடுகிறவர் மறுநாளே ரொக்கம் கேட்டார். பாக்கி நான் பதினைந்து நாளில் கட்டிவிட்டேன். ஆனால் பழையபடி சரக்குக் கடனுக்குக் கிடைக்க எட்டு மாதம் ஆச்சு. அந்தம்மாவை என்னவென்று கேட்பது? சும்மா படித்துக் கொடுத்தவரிடம் சண்டைக்குப் போக முடியுமா?

இன்னொரு தடவை எதிர்வீட்டுப் பையன், விளையாட்டு அவசரத்தில், "இதுதான்க்கா பிரஷர் மாத்திரை"ன்னு ஒரு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். அது என் வீட்டுக்காரருடைய சர்க்கரை மாத்திரை. வாயில் போடுவதற்கு முன்னால் தடவிப் பார்த்ததில் அளவு வேறு மாதிரி பட்டது, பிழைத்தேன்.

இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் மகள் எனக்கு டச் போன் வாங்கிக் கொடுத்தாள். டச் போனைக் கண் தெரியாதவங்க எப்படி உபயோகிப்பாங்க என்று நினைக்கிறீங்க. அதில் டாக்பேக் என்று ஒரு வசதி இருக்கு. விரல் எங்கே படுகிறதோ அங்கே என்ன இருக்கிறது என்று போனே பேசும். அந்தப் போனில்தான் 'பீ மை ஐஸ்' என்கிற ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். 'என் கண்ணாக இரு' என்று அர்த்தமாம்.

இதை ஆரம்பித்தவர் டென்மார்க் நாட்டில் மரச்சாமான் செய்கிற ஒருவர். பெயர் ஹான்ஸ் யோர்கன் விபெர்க். அவருக்கும் இருபத்தைந்து வயதிலிருந்து பார்வை குறைந்துகொண்டே வந்தது. அவருக்குத் தெரிந்த பார்வையில்லாதவர்கள் வீடியோ கால் போட்டு, சொந்தக்காரங்களிடம் "இது என்ன டப்பா, பாரு"ன்னு கேட்பதைக் கவனித்தார். எப்பப் பார்த்தாலும் அதே தம்பியை, அதே சிநேகிதியைக் கூப்பிட வேண்டியிருக்கு. கூப்பிடுகிறவருக்குக் கூச்சம். யார் என்றே தெரியாத ஆயிரம் பேரில் அந்த நேரம் சும்மா இருக்கிற ஒருத்தர் எடுத்தால் என்ன என்று யோசித்து, 2012-ல் ஆர்ஹுஸ் என்ற ஊரில் ஒரு கூட்டத்தில் சொன்னார். 2015 ஜனவரி 15-ல் ஆப் வெளியானது. முதல் நாளே பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தாங்க. அப்போது ஆப்பிள் போனுக்கு மட்டும்தான். நம்மைப் போன்றவங்க வச்சிருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு 2017-ல் வந்தது.

நான் போனில் பட்டனைத் தட்டினால், அதே மொழியில் பதிந்துவைத்திருக்கிற பல தன்னார்வலர்களுக்கு ஒரே நேரத்தில் மணி அடிக்கும். முதலில் எடுக்கிறவர் என் போனின் கேமரா வழியாகப் பார்ப்பார். நான் பேசுவேன், அவர் சொல்லுவார். என் பெயரோ நம்பரோ அவருக்குத் தெரியாது, அவருடையது எனக்குத் தெரியாது. காசு கிடையாது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் 80 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கூப்பிடுகிறவர்களைவிட எடுக்கக் காத்திருக்கிறவர்கள் பல மடங்கு. பதிந்துவிட்டு ஒரு அழைப்புக்காக மாதக்கணக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. மணி அடித்து, கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுப்பதற்குள், 'வேறொருவர் எடுத்துவிட்டார்' என்று வந்துவிடுமாம்.

நான் முதல் தடவை கூப்பிட்டபோது எடுத்தது ஒரு தம்பி. தமிழ்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாராம். "அக்கா, அட்டையைக் கொஞ்சம் பின்னாடி கொண்டு போங்க, இடது பக்கம் சாய்ங்க, போதும்"னு சொல்லி, மாத்திரைப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். தேதியையும் படித்தார். "இன்னும் ரெண்டு மாசம் இருக்குக்கா"ன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "ரொம்ப நன்றி தம்பி"ன்னேன். "நான்தான்க்கா நன்றி சொல்லணும், நாலு மாசமா இதுக்குத்தான் காத்திருந்தேன்"னார். போனை வச்சிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் உதவி வாங்கிவிட்டு முதுகில் பாரமில்லாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எடுக்க முடிந்தவர் எடுத்தார், முடியாதவர் விட்டிருப்பார். யாருடைய அடுப்பும் அணையவில்லை. அந்தத் தம்பிக்கு எங்கள் தெருவும் தெரியாது.

ஆனால் இதற்கும் எல்லை இருக்கு. எடுக்கிறவர் யாரோ. சோதித்து எடுத்த ஆள் இல்லை, பயிற்சி பெற்றவரும் இல்லை. ஏ.டி.எம். கார்டு நம்பர், பாஸ்வேர்ட், பாஸ்புக் இதையெல்லாம் காட்டக் கூடாது. ரோட்டைக் கடக்கலாமா என்று அவரிடம் கேட்கவும் கூடாது. நாளைக்கு அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படிக்க அதே ஆள் வரமாட்டார். தப்பாகப் படித்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அமெரிக்காவில் இதற்கு வேறொரு வழி கண்டுபிடித்தாங்க. ஐரா என்று ஒரு நிறுவனம். கலிபோர்னியாவில், நம் நாட்டில் பிறந்து அங்கே குடியேறிய சுமன் கனுகன்டி என்பவரும் இன்னொருவரும் சேர்ந்து ஆரம்பித்தது. இதில் எடுக்கிறவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆட்கள். பின்னணி விசாரித்துச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, பார்த்ததை வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிறார்கள். கூப்பிடுகிறவர் நிற்கிற இடம் மேப்பில் அவர்களுக்குத் தெரியும். ஏர்போர்ட்டில் எந்த வாசல், கடையில் எந்த வரிசை என்று சொல்லிக்கொண்டே கூட வருவார்கள். ஆனால் பார்வையில்லாதவர் ரோட்டைக் கடக்கும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். "வண்டி வரவில்லை, போங்கள்" என்று சொல்வதில்லை. அது கைத்தடியும் காதும் முடிவு பண்ண வேண்டியது என்று விதி வைத்திருக்கிறார்கள். பயிற்சி என்றால் எதைச் சொல்லணும் என்பது மட்டும் இல்லை பாருங்க, எப்போது பேசாமல் இருக்கணும் என்பதும்தான்.

விலை? ஆரம்ப வருடங்களில் மாதம் 100 நிமிடத்துக்கு 89 டாலர். அன்றைய மதிப்பில் நம் காசு ஐயாயிரத்துக்கு மேல். அமெரிக்காவிலேயே இது பெரிய பேச்சானது. கண் இருக்கிறவன் சும்மா படிக்கிற போர்டை, கண் இல்லாதவன் நிமிடத்துக்குக் காசு கொடுத்துப் படிக்கணுமா என்று ஒரு கட்சி. காசு கொடுத்தால்தான் நான் வாடிக்கையாளர், கேள்வி கேட்கலாம், சும்மா வாங்கினால் கையேந்துகிறவள்தான் என்று இன்னொரு கட்சி.

நான் எந்தக் கட்சி என்று சொல்வதற்கு முன்னால், நம்ம கதை ஒன்றைச் சொல்லணும். எங்கள் குழு ஆரம்பித்தபோது வாத்தியார் மகள் ஒரு பொண்ணு கணக்கு எழுதிக் கொடுத்தது, சும்மாதான். தங்கமான பொண்ணு. ஆனால் பரீட்சை வந்தால் இரண்டு வாரம் வராது. ஒரு தடவை சந்தாவில் 240 ரூபாய் இடித்தது. யாருக்கும் கேட்க வாய் வரவில்லை. "பாவம், சும்மா எழுதிக் குடுக்குது, இதைப் போய்க் கேக்கறதா?" என்று எல்லாரும் தலைக்குப் பத்து, இருபது போட்டுச் சரிக்கட்டினோம். மாசம் 50 ரூபாய் மதிப்பூதியம் என்று தீர்மான நோட்டில் எழுதின அடுத்த கூட்டத்திலேயே ஊக்குநர் கேட்டாங்களே, "ஏம்மா, போன வாரம் ஏன் வரலை?"ன்னு! அந்த 50 ரூபாயில் நாம் வாங்கினது கணக்கு இல்லை. கேள்வி கேட்கிற உரிமை. அந்தப் பொண்ணுக்கும் அதில் மரியாதை இருந்தது. இப்போது பேங்கில் வேலை பார்க்குது.

ஆனால் அந்த 50 ரூபாயைக் கொடுத்தது யார்? குழு. படிக்கத் தெரியாத உறுப்பினர் மட்டும் கொடுக்கணும் என்று நாம் வைக்கவில்லை. படிக்கத் தெரியாதவளிடம் கூடுதலாக ஐந்து ரூபாய் வாங்கியிருந்தால் அது நியாயமா?

இதைத்தான் போகப்போக அந்த அமெரிக்க நிறுவனத்திலும் செய்தார்கள். ஏர்போர்ட், பல்கலைக்கழகம், பெரிய கடைகள் எல்லாம் "எங்கள் இடத்துக்குள் வருகிற பார்வையில்லாதவர் பேசுகிற நிமிடத்துக்கு நாங்களே காசு கட்டுகிறோம்" என்று சேர்ந்தன. 2018-ல் வால்கிரீன்ஸ் என்கிற மருந்துக் கடைகள் சேர்ந்தன. வாசலில் சாய்தளம் கட்டுகிற மாதிரிதான் அது. சாய்தளத்தில் ஏறுகிறவரிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. அதற்கும் முன்னாடி, 2011-ல் விஸ்விஸ் என்று ஒரு ஆப்பை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விட்டார்கள். போட்டோ எடுத்துக் கேள்வி கேட்டால் பதில் வரும். பதில் சொன்னவர்களில், இணையத்தில் சில்லறைக் கூலிக்கு வேலை செய்கிறவர்களும் இருந்தாங்க. கூலி ஆராய்ச்சிப் பணத்திலிருந்து. கேட்டவர் பைசா கொடுக்கவில்லை. அதில் 70 ஆயிரத்துக்கு மேல் கேள்விகள் வந்தன. நம்மைப் போலத்தான், இது என்ன டப்பா, இது என்ன நிறம் என்கிற கேள்விகள்.

இப்போது இன்னொன்றும் வந்திருக்கு. 2023-லிருந்து மனுஷர் இல்லாமல் கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சொல்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கூப்பிடலாம், அலுத்துக்கொள்ளாது. நானும் பிஸ்கட் பாக்கெட்டுக்கும், கல்யாணப் பத்திரிகைக்கும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் தெரியாததையும் தெரிந்த மாதிரி அடித்துச் சொல்கிற குணம் அதுக்கு உண்டு. மாத்திரைக்கு மட்டும் மனுஷரைத்தான் கேட்பேன்.

எங்கள் பக்கத்து ஊர் பேங்க் கிளை ஒன்றில் எனக்கு ஏ.டி.எம். கார்டு தர முடியாது, கண் தெரியாதவங்களுக்குக் கிடையாது என்றார்கள். எந்த பேங்க் என்று சொல்லவில்லை, இப்போது தந்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கி 2008-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கு: பார்வையில்லாதவர்களுக்கு செக் புத்தகம், ஏ.டி.எம்., லாக்கர், கடன் எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது, கிளைகள் முடிந்த உதவியெல்லாம் செய்து கொடுக்கணும் என்று. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு குழு உறுப்பினர்களோடு போய் நின்றபிறகுதான் கிடைத்தது. இதை ஏன் இங்கே சொல்றேன் என்றால், பேங்க் கடிதத்தை எனக்குப் படித்துச் சொல்வது பேங்கின் வேலை. சிங்கப்பூர்த் தம்பியின் வேலை இல்லை, பக்கத்து வீட்டம்மாவின் வேலையும் இல்லை. சம்பளம் வாங்குகிறவர் செய்ய வேண்டியதை நல்ல மனசுக்காரர் தலையில் கட்டிவிட்டால், சம்பளம் வாங்குகிறவர் என்றைக்கும் செய்யப் போவதில்லை.

அதனால் என் கட்சி இதுதான். டப்பா, சேலை நிறம், சமையல் எரிவாயு சிலிண்டரில் தேதி, இதற்குத் தன்னார்வலர் போதும், சந்தோஷமாகக் கேட்பேன். பணம், நோய், சட்டம் சம்பந்தப்பட்டதற்கு, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் வேணும். அவருக்குச் சம்பளம் வேணும். அந்தச் சம்பளம் என் ஒருத்தி சுருக்குப் பையிலிருந்து போகக் கூடாது.

ஐரா மாதிரி சேவை நம் கிராமத்துக்கு வந்து தமிழில் பேசப் போவதில்லை. வந்தாலும் நம்மால் கட்டுப்படியாகாது. ஆனால் நம்ம கூட்டமைப்பு ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணு இருக்கு. நம் ஊராட்சிகளில் என்னைப் போல் கண் தெரியாத உறுப்பினர்களும், வயசாகி எழுத்து மங்கிப்போன அம்மாமார்களும் நிறையப் பேர். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், வாட்ஸ்அப் வீடியோ காலில் அந்தப் பொண்ணு எங்களுக்குக் கடிதம், பாஸ்புக், விண்ணப்பம் படித்துச் சொல்லட்டும். அதற்குத் தனியாக மதிப்பூதியம் வையுங்க. படித்ததை வெளியில் சொல்லமாட்டேன் என்று தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடட்டும். தப்பு நடந்தால் செயற்குழுவில் கேட்போம்.

போன மாசம் செயற்குழுவில் இதைச் சொன்னபோது, "இதுக்கெல்லாமா காசு? நாங்களே சும்மா படிச்சுச் சொல்ல மாட்டோமா?"ன்னு கேட்டீங்க. அன்பாகத்தான் கேட்டீங்க, தெரியும். அந்த அன்புக்குத்தான் பயப்படுறேன். நீங்க சும்மா படித்தால் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கணும். இன்றைக்கு மதியம் இந்தத் தீர்மானம் ஓட்டுக்கு வருது. யோசித்துக் கை தூக்குங்க. எத்தனை கை தூக்கினது என்று எனக்குத் தெரியாது, யாராவது எண்ணிச் சொல்லுங்க. (சிரிப்பு, கைதட்டல்)

தன்னார்வலராகச் சேர ஆசைப்படுகிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்மார்ட்போன் இருக்கிறவங்க சேரலாம், காசு கிடையாது, மொழி தமிழ் என்று போடுங்க. மணி அடித்தால் முதலில் என்ன தெரிகிறது என்று சொல்லுங்க. "அங்கே", "இங்கே" என்று சொல்லாதீங்க; இடது, வலது, மேலே, கீழே என்று சொல்லுங்க. எழுத்து மங்கலாக இருந்தால் மங்கலாக இருக்கிறது என்றே சொல்லுங்க, ஊகித்துச் சொல்லாதீங்க. "ஐயோ பாவம்" வேண்டாம். பேங்க் புத்தகத்தை யாராவது காட்டினால், "இதை என்கிட்ட காட்டாதீங்கம்மா"ன்னு சொல்லிவிடுங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். போனைக் கொண்டு வந்தால் மகள் பதிந்து கொடுப்பாள். பாஸ்வேர்ட் மட்டும் நீங்களே போடுங்க.